சர்ச் வாசலில் நிற்கும் உன் வீடு

பெலாஞ்சே மேடு,
ஏப்ரல் 6, ஞாயிறு மதியம்.

அன்பும் மரியாதையும், கூடவே கொஞ்சம் பயமும் கொண்டு அக்கா டெல்ஃபினுக்குத் தம்பி லூசியன் எழுதுவது. இங்கே நானும் பெர்னிஸும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கே ஃப்ளோரிடாவில் நீயும் உன் பூனையும் வெயிலில் நன்றாகக் காய்ந்துகொண்டிருக்க மாதா அருள்புரியட்டும். ஃபோன் பண்ணாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ குறுக்கே புகுந்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் எட்டாம் வகுப்போடு கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் மற்றவர்கள் மேல் பழிபோட வசதியாக இருக்கும். உன் வீடு வந்துவிட்டது. நான்தான் அதை மேட்டில் ஏறவிடாமல் தடுத்து நிறுத்தினேன். வேறு யாருமில்லை, உன் கூடப்பிறந்த நான். சுத்தியலும் என்னுடையது, ஆணியும் என்னுடையது.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் மார்ச் கடைசியில் பனி உருகி, மண் ரோடெல்லாம் களி மாதிரி ஆகும்போது, ஊர்ச் சாலை மேஸ்திரி என்ற முறையில் நான் போய், 'சேற்றுக்காலம், பதினைந்தாயிரம் பவுண்டுக்கு மேல் எந்த வண்டியும் ஏறக்கூடாது' என்று பலகை அடிப்பேன். அதில் 'யாருக்கும் விதிவிலக்கு இல்லை' என்ற வரி நான் சேர்த்தது. ஊர்மன்றம் கேட்கவில்லை, நானாக ஆசைப்பட்டுச் சேர்த்தது. இந்த வருஷம் மார்ச் இருபத்துநாலு, திங்கட்கிழமை சாயங்காலம் நம் மேட்டு ரோட்டின் அடியில் பலகையை அடித்துவிட்டு, நாலடி தள்ளி நின்று அழகு பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பட்டாணி சூப் குடித்துவிட்டுத் தூங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு உன் வீடு நாலு லாரியில் வந்து அந்தப் பலகைக்கு முன்னால் நின்றது. ஒவ்வொரு லாரியும் பலகையில் போட்டிருப்பதைப் போல் நாலு மடங்கு.

முன் லாரி டிரைவர் இறங்கிப் பலகையைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பலகையைப் படித்தார்.

"இதை அடிச்சது யாருங்க?"

"நான்தான்."

"இந்த வீடு யாருக்குங்க?"

"எங்க அக்காவுக்கு."

"உங்க அக்காகூட உங்களுக்கு ஏதாச்சும் தகராறா?"

பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஏற்றியிருக்கலாமே என்று நீ கத்துவது இங்கே கேட்கிறது. முடியாது அக்கா. காரணம் ஓரின். கிரேன் வைத்திருக்கும் ஓரின் டட்டில்தான், மூக்கு நீளமானவன். போன வருஷம் இதே நாளில் அவன் புதிதாகக் கழிவறைத் தொட்டி ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பலகை அடித்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. பசை கூடக் காயவில்லை, ஆணிக்கு ஏது பசை, ஆனாலும் அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் திருப்பி அனுப்பிவிட்டேன். பழைய தொட்டியை அவன் ஏற்கெனவே தோண்டி எடுத்துவிட்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன். ஆறு வாரம் அவனும் அவன் பெண்டாட்டியும் மாமியாரும் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு போய்வந்தார்கள். இந்த மார்ச் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னான், மாமியார் பெயரையும் சேர்த்து. நான் எழுந்து, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்பா. நாளைக்கு என் கூடப்பொறந்தவ வந்தாலும் இதேதான்" என்று சொல்லி உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் அத்தனை பேருக்கும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது.

நாற்பது மைல் சுற்றளவில் இருக்கிற ஒரே கிரேன் ஓரினுடையது. உன் வீட்டுச் சுவர்களைத் தூக்கி நிறுத்த நான் வாடகைக்குப் பேசியிருந்ததும் அதுதான். செவ்வாய்க்கிழமை அவன் கிரேனோடு வந்து, லாரிகளுக்குப் பின்னால் நிறுத்தி, இறங்கி, பலகையைச் சத்தம்போட்டு வாசித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு வரி ஒழுங்காக வாசிக்காதவன், 'யாருக்கும் விதிவிலக்கு இல்லை' என்பதை மட்டும் பாட்டு மாதிரி மூன்று தடவை வாசித்தான்.

லாரிக்காரர்கள் மத்தியானத்துக்குள் இறக்கியே ஆகவேண்டும் என்று நின்றார்கள். மேட்டின் அடியில் நாலு லாரிச் சரக்கு இறக்க இடமுள்ள ஒரே தார்போட்ட தரை சர்ச் வண்டி நிறுத்துமிடம். ஃபாதர் மொரிசெட்டிடம் போய்க் கேட்டேன். நல்ல மனுஷன், ஆனால் கணக்கு வாத்தியாராக இருந்து சாமியாராகப் போனவர். "எத்தனை நாள் லூசியன்?" என்றார். "ரெண்டே நாள் ஃபாதர்" என்றேன். "நீ கோயில் வராண்டாவுக்குப் பெயின்ட் அடிச்சப்பவும் ரெண்டே நாள்தான் சொன்னே. ரெண்டு வருஷம் ஆச்சு. சரி, வை. ஈஸ்டருக்கு மட்டும் எனக்கு இடம் வேணும்" என்றார்.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், குறை சொல்லவில்லை. இடிந்துபோன நம் பழைய வீட்டின் போட்டோவை அனுப்பி, அதே மாதிரி செய்து தாருங்கள் என்று வீடு செய்கிற அந்த மர மில்லுக்கு நீ எழுதியதிலிருந்து எனக்குச் சந்தேகம்தான். இருநூறு வருஷத்து வீட்டை எப்படி ஒரு ஷெட்டுக்குள்ளே வைத்து, துண்டு துண்டாகச் செய்து, நம்பர் போட்டு லாரியில் அனுப்புவார்கள் என்று. அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு கண்ணாடிக்கு மேல் பன்னிரண்டு கண்ணாடி வைத்த அதே ஜன்னல், கதவுக்கு மேலே அதே மர வேலைப்பாடு, ஒன்றின்மேல் ஒன்று படிந்த அதே வெள்ளைப் பலகைச் சுவர். தரைப் பலகையில் பள்ளமும் கீறலும்கூட அங்கேயே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். புதுப் பலகையை ஒருவர் சங்கிலியால் அடித்துப் பழசாக்குகிறாராம். அதற்குத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்களாம். எனக்குச் சொல்லியிருந்தால் நான் பூட்ஸைக் கழற்றாமல் நாலு நாள் உள்ளே நடந்திருப்பேன், பெர்னிஸ் நாற்பது வருஷமாக என்னைத் திட்டுகிற வேலை அது.

சரி, கதைக்கு வருகிறேன். புதன்கிழமை மழை. சுவர்களுக்குச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்தில் உன் மாமனார் மாமியார் கல்லறைமேல் போட்டது. நான் ஓடி ஓடித் தார்ப்பாய் கட்டுகிறேன், ஓரின் கிரேனுக்குள் உட்கார்ந்து டோனட் தின்கிறான். கடைசியில் ஜன்னலைத் திறந்து, "டேய், படுத்திருக்கிற சுவருதான்டா நனையும். நிக்கிற சுவர் நனையாது. அதுக்குத்தானே வீடு கட்டுறாங்க?" என்றான். யோசித்துப் பார்த்தேன். கோபமாக வந்தாலும் விஷயம் சரி. மழைக்குத் தப்பிக்கத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம், போல்ட்டுதானே, கழற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். வியாழக்கிழமை காலை தொடங்கினோம். அந்த மில்காரர்கள் மோசமில்லை அக்கா, ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு சாவி பூட்டில் போவது மாதிரிப் போய் உட்கார்ந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கூரையோடு, புகைபோக்கிக் கூண்டோடு, மாடிப்படியோடு முழு வீடு சர்ச் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது. வெள்ளைக்கோடு போட்ட பதினொரு வண்டி இடங்களும் ஊனமுற்றோருக்கான ஓர் இடமும் இப்போது உன் கூடத்துக்குள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தவர்கள் காரை ரோட்டோரச் சேற்றில் நிறுத்திவிட்டு, நேராக உன் வீட்டுக்குள் போனார்கள். ஃபாதர் மேடையில் நின்று 'எங்கே போனார்கள் என் மக்கள்' என்கிற முகத்தோடு பார்க்கிறார், ஜன்னல் வழியாக எதிரே உன் மாடியில் அவர் மக்கள் கையசைக்கிறார்கள். காணிக்கைத் தட்டு பாதியும் நிரம்பவில்லை என்று அன்று மதியமே எனக்கு ஃபோன்.

இதுகூடப் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை கனெக்டிகட் மாநில நம்பர் போட்ட கார் ஒன்று வந்தது. சேற்றுக்காலத்தில் நம் ஊருக்கு வேண்டுமென்று யாரும் வருவதில்லை, வழி தவறித்தான் வருவார்கள். கழுத்தில் மூன்று சுற்று சால்வை போட்ட ஓர் அம்மாள் இறங்கி, உன் வீட்டைப் பார்த்து இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு அழகு! இது எந்தக் காலத்து வீடுங்க?"

"போன வியாழக்கிழமை" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க ஊர்க்காரங்களோட கிண்டல் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்!" என்று சொல்லிச் சுவரைத் தடவினாள். உண்மையைச் சொன்னால் நம்பாத ஆளிடம் நான் என்ன செய்யட்டும்? இந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டாள். சரி என்று, ஒரு கப்பல் கேப்டன் கட்டினார், அவர் பெண்டாட்டி மாடி ஜன்னலில் நின்று கப்பல் வருகிறதா என்று முப்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றேன். இங்கிருந்து கடல் நூற்றைம்பது மைல். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் இன்னும் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், எல்லாருக்கும் சால்வை.

பன்னிரண்டு சால்வைகளைப் பார்த்ததும் சர்ச் பெண்கள் சங்கத்துக்கு மூளை வேலை செய்தது. உன் சமையலறையில் அடுப்பைக் கொண்டுவந்து வைத்து, மேப்பிள் மரப் பாகைக் கொதிக்கவைத்து, கல்லறைத் தோட்டத்து வடக்குச் சுவரோரம் உருகாமல் கிடந்த பனியை வாளியில் அள்ளிவந்து, பாகை அதன்மேல் ஊற்றி மிட்டாயாக இறுகவைத்து, டோனட்டும் வெள்ளரி ஊறுகாயும் வைத்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஃபாதரே என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஈஸ்டருக்கு இடம் வேண்டும் என்று சொன்ன அதே ஃபாதர்.

"லூசியன், அவசரமில்ல. ரோடு காயட்டும்."

"ஈஸ்டருக்கு வண்டி எங்க நிறுத்துவாங்க ஃபாதர்?"

"நடந்து வரட்டும். ஆண்டவர் சிலுவையோட நடக்கலியா? கோயில் கூரைக்கு எட்டு வருஷமா உண்டியல் வச்சிருக்கேன். இந்த வாரம் சேர்ந்த மாதிரி ஒரு வருஷமும் சேரல. ஒன்னோட அக்காவுக்கு ஆண்டவர் பெரிய மனசு கொடுத்திருக்கார்னு நான் எப்பவும் சொல்லுவேன்."

பார்த்தாயா? உன் வீட்டைத் தடுக்க இப்போது நான் ஒருவன் மட்டுமில்லை, திருச்சபையும் சேர்ந்துவிட்டது.

இதற்கு நடுவில் ஜன்னல் விவகாரம். உன் மனதில் இருப்பது எனக்குத் தெரியாதா? வீடு முழுக்க எப்படியிருந்தாலும் சரி, கிழக்குப் பக்கச் சுவரில் கூரைச் சாய்வுக்கும் பக்கத்துக் கூரைக்கும் நடுவில் கோணலாகச் செருகிய அந்த ஒரு ஜன்னல் வேண்டும் என்று பத்துத் தடவை எழுதினாய். மழைநாளில் நீ அதன் கீழே தலையைச் சாய்த்துப் படுத்தால் வெளியே உலகம் நேராகத் தெரிகிறது என்பாய். நம் ஊரில் பாதி வீட்டில் இருக்கிற ஜன்னல்தான். இடமில்லாத இடத்தில் ஜன்னலைச் சாய்த்துச் செருகினார்கள், புது ஜன்னல் செய்கிற செலவு மிச்சம். சரி, பதினாலாம் நம்பர் சுவரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறேன். ஜன்னல் நேராக நிற்கிறது. பட்டாளத்துச் சிப்பாய் மாதிரி. கூரைக்குள் பாதி மூலை முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் நேராக.

மில்லுக்கு ஃபோன் போட்டேன். ஓர் இளைஞர் எடுத்தார், கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவராம்.

"சார், ஜன்னல் நேரா இருக்குங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"சந்தோஷம் இல்லைங்க. நேரா இருக்கக்கூடாது. கோணலா இருக்கணும்."

"சார், வரைபடத்துல கோணலாத்தான் இருந்துச்சு. வரைஞ்சவங்க தப்பு பண்ணிட்டாங்கன்னு நாங்கதான் சரிபண்ணோம். அதுக்குத் தனியா எதுவும் வாங்கல சார்."

"அய்யா, மறுபடி தப்பு பண்ணிக் கொடுங்கய்யா."

"எங்க மெஷின் கோணலா வெட்டாது சார். வெட்டணும்னா பெரியவர் கையெழுத்து வேணும். கோணல் தனி ஆர்டர். ஜூன்ல வரும்."

காசு மிச்சம் பிடிக்க நம் முப்பாட்டன் ஜன்னலைச் சாய்த்து வைத்தான், இப்போது சாய்க்கத் தனி ஆர்டர். ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஓரின் கேட்டுக்கொண்டு நிற்கிறான். "எதுக்குடா ஜூன் வரைக்கும்? வீட்டையே சாய்ச்சு வை, ஜன்னல் தானா சாயும்" என்று சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிக்கிறான். இப்படி ஒருவனிடமிருந்து எத்தனை மைல் தூரத்தில் இருந்தாலும் போதாது.

ஆனால் ஒன்றில் மட்டும் எவனும் என்னைக் குறை சொல்ல முடியாது, அஸ்திவாரம். மேட்டில் போன அக்டோபரில் நானே தோண்டி, நானே கான்கிரீட் ஊற்றினேன். உறைபனி கீழேயிருந்து தள்ளாமல் இருக்க நாலு மூலையும் ஐந்தடி ஆழம் போகவேண்டும் என்றாய், நாலு மூலையும் ஐந்தடி. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவிலிருந்து அசையாது. இது லூசியன் வேலை. இதில் நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

அதனால் அக்கா, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, வந்து இறங்குவேன் என்று சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு மேட்டில் கூரை தெரியவில்லை என்றால் காரைத் திருப்பி, மேட்டைக் கோடைக்கு மட்டும் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு விற்றுவிட்டு, அரிசோனாவில் மகள் வீட்டுக்கே போய்விடுவேன் என்றும் சொல்லியிருக்கிறாய். நீ சொன்னால் செய்கிறவள், அது எனக்குத் தெரியும். பழைய வீடு விஷயத்தில் உனக்கு என்மேல் இருக்கிற கோபமும் நியாயம்தான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் கூரைமேல் பனி ஏறுகிறது, தள்ளிவிடு என்று ஃபோன் பண்ணினாய். நான் 'நாளைக்கு' என்றேன். வீடு 'இன்றைக்கு' என்றது. அதற்கு அப்புறம் அந்த மேட்டைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் நான் மறுபக்கம் திரும்பி வண்டி ரேடியோவைச் சரிசெய்வேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, ரேடியோ நன்றாகத்தான் பாடுகிறது. உனக்கு அந்த வீட்டைத் திருப்பி நிறுத்திக் கொடுத்துவிடலாம் என்றுதான் நானே மேற்பார்வை பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஆனால் பலகையை எடுக்க மாட்டேன். ஊர்க்கூட்டத்தில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பெர்னிஸ்கூட நேற்றுச் சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"ஒரு ஆணிதானே லூசியன். பிடுங்கிட்டுப் போயேன்."

"சட்டம்டி."

"உங்க அக்கா அரிசோனா போயிட்டா, ஈஸ்டருக்கு யாரோட சண்டை போடுவே? என்னோடவா? எனக்கு நேரமில்ல."

நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஆனாலும் முடியாது. மே பதினைந்துக்குமேல் ரோடு காயும். அதுவரை தயவுசெய்து வராதே. அரிசோனாவுக்கும் போகாதே. நடுவில் எங்கேயாவது இரு. ஜன்னலும் ஜூனில் வரும். ஜூனில் கறுப்பு ஈ கடிக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லவில்லை என்று சொல்லாதே.

உன் கால்களுக்கு வெயிலும், பூனைக்கு மீனும், வாய்க்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்க வாழ்த்துகிறேன். பெர்னிஸ் தன் அன்பையும், போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய ஆரஞ்சுப்பழக் கூடையைத் திருப்பி அனுப்பவேண்டுமா என்ற கேள்வியையும் தெரிவிக்கச் சொன்னாள். ஃபாதர் தன் ஆசீர்வாதத்தை அனுப்புகிறார். அதை வாங்கிக்கொள், ஆனால் நம்பாதே.

இப்படிக்கு,
விதிவிலக்கு இல்லாத தம்பி,
லூசியன்

பின்குறிப்பு, ஏப்ரல் 12, சனி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்காகப் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து மறந்துவிட்டேன். அதனால் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. புறப்பட்டு வா.

புதன்கிழமை குளிர் திரும்பி வந்துவிட்டது. எங்கேயோ கனடாவில் கதவைத் திறந்துவிட்டார்கள் போல. வியாழக்கிழமை காலை ரோடு இரும்பு மாதிரி இருந்தது. ஐந்தரை மணிக்கு யாரோ கதவைத் தட்டுகிறார்கள், பார்த்தால் ஓரின். "பத்து மணி வரைக்கும் ரோடு தாங்கும். பலகையை எடுக்கிறியா, இல்ல நான் போய் டோனட் சாப்பிடட்டுமா?" என்றான். நான் வாசலில் நின்றேன். பெர்னிஸ் பின்னாலிருந்து என் தொப்பியை நீட்டினாள். போனேன். ஆணி குளிரில் இறுகிப்போய்ப் பிடுங்க வரவில்லை, பலகைக் கம்பமும் உறைந்த மண்ணைவிட்டு வரவில்லை. கடைசியில் ரோட்டைச் சமன்செய்கிற ஊர் கிரேடர் வண்டியை எடுத்து அதன்மேல் ஏற்றினேன். என்மேல் நானே புகார் எழுதி என்னிடமே கொடுத்திருக்கிறேன், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓரின் கிரேனைக் கிளப்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதற்கு என்று எனக்குத் தெரியும். சர்ச் வாசலில், பெண்கள் சங்கம் முழுக்கக் கேட்க, "போன வருஷம் ஒன்னோட தொட்டியை நான் விட்டிருக்கணும்" என்றேன். "மாமியார்கிட்டயும் சொல்லு" என்றான். அந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறான். சொன்னேன். கிரேன் கிளம்பியது. அப்புறம் அந்த மனுஷன் மூன்று காலையாக, குளிர் இருக்கிற நாலு மணி நேரத்துக்குள், ஒரு கீறலில்லாமல் (மில்காரர்கள் போட்ட கீறல்களைத் தவிர) உன் வீட்டைக் கழற்றித் தன் லாரியில் மேட்டில் ஏற்றி, இன்று மதியம் கூரையும் வைத்துவிட்டான். அவனைப் பற்றி மேலே எழுதியதையும் அடித்துவிடு. ரோடு இன்று இளகிவிட்டதால் கிரேன் கீழே இறங்க முடியவில்லை. மே பதினைந்து வரை உன் முன்வாசலில் நிற்கும். நீ என்றைக்கு முன்வாசலைப் பயன்படுத்தினாய், நாமெல்லாம் சமையலறைக் கதவு வழியாகத்தானே. ஃபாதருக்கு மட்டும் வருத்தம். பெண்கள் சங்கத்தின் ஊறுகாய் ஜாடி உன் அலமாரியிலேயே வந்துவிட்டது, வைத்துக்கொள்.

ஜன்னலுக்கு ஜூன் ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஜன்னல் சாய்வாக இருக்கிறது. நீ கேட்ட அளவுக்கு இல்லை, ஆனால் சாய்வுதான். நாலு மூலையும் ஐந்தடி என்று எழுதியிருந்தேன் அல்லவா, மூன்று மூலை ஐந்தடி. வடகிழக்கு மூலையில் பாறை வந்ததால் மூன்றரையில் நிறுத்தினேன். குளிர்காலத்தில் உறைபனி அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறது. அது தெரியாமல் கூரைவரை போல்ட் போட்டுவிட்டோம். பெர்னிஸ் ஈஸ்டருக்கு அவித்த முட்டை ஒன்றை உன் சமையலறைத் தரையில் வைத்துப் பார்த்தாள். அது தானாகப் புறப்பட்டுச் சாப்பாட்டு மேஜை வைக்கிற இடத்துக்குப் போய், வலப்பக்கம் திரும்பி, சரக்கறைக் கதவருகே நின்றது. பழைய வீட்டிலும் அங்கேதான் நிற்கும். மில்லிலிருந்து அந்த இளைஞர் ஃபோன் பண்ணி, எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.